எந்த ஊருக்கு என்ற கேள்வி: ஜெஃப் பெசோஸின் 1994 ராஜினாமாவை முன்வைத்து

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று நினைக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். வேலையை விடலாமா வேண்டாமா என்பதை இரண்டு மூன்று வருடமாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பார்கள். சரி, எந்த ஊருக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். சொந்த ஊர். இல்லையென்றால் மனைவியின் ஊர். அதுவும் இல்லையென்றால் எப்போதோ சுற்றிப் பார்க்கப் போனபோது மனதுக்குப் பிடித்துப்போன ஊர்.

இந்த இரண்டு கேள்விகளையும் இதற்கு நேரெதிராகக் கையாண்ட ஒருவரின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஜெஃப் பெசோஸ் 1994-இல் நியூயார்க்கில் நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு சியாட்டிலுக்குப் போனார். அமேசான் பிறந்த கதை என்பதால் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் மேடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் பாதிதான்: நல்ல வேலையைத் தூக்கி எறிந்தார், துணிந்தார், ஜெயித்தார். வேலையை விடும் முடிவை அவர் எடுத்தது சில நாட்களில், பெரும்பாலும் மனசை வைத்து. ஊரைத் தேர்ந்தெடுத்தபோதோ கணக்குப் போட்டார். நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விட்ட வேலை

டி. ஈ. ஷா என்ற நிறுவனத்தை 1988-இல் தொடங்கியவர் டேவிட் ஷா. அதற்கு முன் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். அவருடைய நிறுவனம் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தாலும் உள்ளே நடந்தது மென்பொருள் வேலைதான். கணிதம் படித்தவர்களையும் நிரல் எழுதுபவர்களையும் வைத்துக்கொண்டு, சந்தையில் தோன்றும் சின்னச் சின்ன விலை வித்தியாசங்களைக் கணினி மூலம் பிடிப்பது அவர்கள் தொழில். பெசோஸ் 1986-இல் பிரின்ஸ்டனில் மின் பொறியியலும் கணினி அறிவியலும் முடித்தவர். வேறு சில வேலைகள் பார்த்துவிட்டு 1990 கடைசியில் இங்கே சேர்ந்தார். 1994-இல், 30 வயதில், சீனியர் வைஸ் பிரசிடென்ட். அவருடைய மனைவி மெக்கன்ஸியும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

இன்டர்நெட்டில் என்னென்ன வியாபாரம் செய்யலாம் என்று ஆராயும் வேலையை ஷாதான் அவருக்குக் கொடுத்தார். வலையின் பயன்பாடு வருடத்துக்கு 2300 சதவீதம் வளர்கிறது என்ற கணக்கு அப்போது பெசோஸின் கண்ணில் பட்டது. பின்னாளில் பல பேச்சுகளில் அவர் சொன்ன எண் இது. விற்கக்கூடிய 20 பொருட்களைப் பட்டியல் போட்டுப் பார்த்ததில் புத்தகம் முதலில் வந்தது. எங்கே வாங்கினாலும் ஒரே பொருள்தான், தொட்டுப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. அச்சில் இருந்த தலைப்புகள் மட்டும் 30 லட்சத்துக்கு மேல். எவ்வளவு பெரிய கடை கட்டினாலும் அத்தனையையும் அடுக்கி வைக்க முடியாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். யோசனை பிறந்தது முதலாளியின் நேரத்தில், முதலாளி கொடுத்த வேலையிலிருந்து. இன்று பெரிய நிறுவனங்களில் சேரும்போது நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். பெசோஸ் மறைத்து எதுவும் செய்யவில்லை. நேராக முதலாளியிடமே போய்ச் சொன்னார். இருவரும் சென்ட்ரல் பார்க்கில் வெகுநேரம் நடந்தார்கள். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கையில் நல்ல வேலை இல்லாத ஒருவருக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று அவர் சொன்னதாக 2010-இல் பிரின்ஸ்டன் மாணவர்களிடம் பெசோஸ் நினைவுகூர்ந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு முடிவு செய் என்றும் சொல்லியிருக்கிறார். யோசனை எங்களுடையது என்று நிறுவனம் பிடித்து வைக்கவில்லை. அந்த நடை இல்லாமல், எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ராஜினாமா கடிதத்தை மட்டும் நீட்டியிருந்தால் இந்தக் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

முடிவு எடுத்த விதத்தை அவரே விளக்கியிருக்கிறார். 80 வயதில் திரும்பிப் பார்க்கும்போது எதற்காக வருத்தப்படுவேன்? முயன்று தோற்றதற்கு வருந்த மாட்டேன், முயலாமல் விட்டதற்கு வருந்துவேன். வருட நடுவில் வேலையை விட்டால் அந்த வருடத்து போனஸ் கைவிட்டுப் போகும். அந்தக் கணத்தில் அது பெரிதாகத் தெரிந்தாலும் 80 வயதில் நினைவில்கூட இருக்காது என்று தள்ளிவிட்டார்.

அடியில் விரித்திருந்த வலை

துணிச்சல் கதைகளைக் கேட்டு உருகுவதற்கு முன் கையிருப்பையும் பார்த்துவிட வேண்டும். 30 வயது, குழந்தைகள் இல்லை. முதல் குழந்தை பிறந்தது 2000-இல்தான். நாலு வருடம் நல்ல சம்பளம் வாங்கிய கை. தோற்றால் திரும்பி வந்து வேலை தேடிக்கொள்ளக்கூடிய படிப்பும் அனுபவமும். முதலில் தன் பணத்தில் 10,000 டாலர் போட்டார். அப்புறம் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனாகத் தன் பணத்தையே மேலும் கொடுத்தார். 1995-இல் பெற்றோர் இரண்டு தவணையாகக் கிட்டத்தட்ட 2.45 லட்சம் டாலர் போட்டார்கள். இந்தப் பணம் திரும்பி வராமல் போக 70 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லித்தான் வாங்கினார்.

பெற்றோரிடம் அப்படிச் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். வீட்டுப் பணத்தை வாங்கும்போது நம்பிக்கை வார்த்தைகளை அள்ளி வீசுவது சுலபம். பணம் திரும்பி வராமலே போய்விடலாம் என்று எண்ணோடு சொல்வது கஷ்டம். அதே சமயம், அப்படிக் கேட்டு வாங்க முடிந்த பெற்றோர் அவருக்கு இருந்தார்கள் என்பதும் உண்மை. தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்கவேண்டியவரும், வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவரும் இந்த இடத்தைத் தாண்டிப்போய் 80 வயது வருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஆபத்து.

மெக்கன்ஸியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும்தான் வேலையை விட்டார், ஊரை விட்டார். நியூயார்க்கில் அவர் கதை எழுதும் ஆசையோடு இருந்தவர். பின்னாளில் நாவலாசிரியர் ஆனவர். புதிய ஊரில் முதல் வருடங்களில் நிறுவனத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டது அவர்தான். குடும்பத்தில் ஒருவருடைய கனவுக்காக இரண்டு பேருடைய வருமானமும் நின்றது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் அவரைக் கார் ஓட்டியவராக மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஏன் சியாட்டில்

பெசோஸுக்கு சியாட்டில் சொந்த ஊர் கிடையாது. பிறந்தது நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில், வளர்ந்தது ஹூஸ்டனில், பள்ளிப் படிப்பை முடித்தது மயாமியில். சொந்தபந்தம் எதுவும் அங்கே இல்லை. நிக் ஹனாவர் என்ற நண்பர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊருக்கு வா என்று அழைத்தவர், பின்னால் முதலீடும் செய்தவர். மற்றபடி சியாட்டிலைத் தேர்ந்தெடுத்தது மூன்று காரணங்களுக்காக.

முதல் காரணம் வரி. அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 1992-இல் குவில் என்ற அலுவலகப் பொருள் நிறுவனத்துக்கும் வடக்கு டகோட்டா மாநிலத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத மாநிலத்தில், தபாலில் பொருள் விற்கும் நிறுவனம் அந்த மாநிலத்துக்காக விற்பனை வரி வசூலித்துக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இதை வைத்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் நிறுவனம் தொடங்கினால் கலிபோர்னியா வாடிக்கையாளர் எல்லாரிடமும் 7 சதவீதத்துக்கு மேல் வரி வாங்க வேண்டும். 1990 கணக்கெடுப்புப்படி அந்த மாநில மக்கள்தொகை கிட்டத்தட்ட 3 கோடி. நியூயார்க் மாநிலத்தில் 1.8 கோடி. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் 50 லட்சம்கூட இல்லை. சின்ன மாநிலத்தில் உட்கார்ந்தால் அந்தச் சின்னக் கூட்டத்துக்கு மட்டும் வரி போட்டால் போதும். மற்ற மாநிலங்களில் பக்கத்துப் புத்தகக் கடையைவிட விலை தானாகவே குறைந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ அருகே பழங்குடியினருக்கான நிலப்பகுதி ஒன்றில் தொடங்க முடியுமா என்றுகூட விசாரித்ததாக 1996-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார்.

சட்டப்படி இதில் தவறு இல்லை. ஆனால் தெருமுனைப் புத்தகக் கடைக்காரர் ஒவ்வொரு பிரதிக்கும் வரி வசூலித்துக் கட்டிக்கொண்டிருக்க, அதே புத்தகத்தை அதே தெருவுக்கு வரியில்லாமல் அனுப்பியது நியாயமான போட்டி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பல கடைகள் மூடியதில் இந்த வித்தியாசத்துக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது காரணம் கிடங்கு. அமெரிக்காவில் புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குத் தரும் பெரிய நிறுவனங்களில் ஒன்று இங்கிராம். அதன் பெரிய கிடங்கு ஒன்று வாஷிங்டனுக்குத் தெற்கே ஒரிகான் மாநிலத்தில், ரோஸ்பர்க் என்ற ஊரில் இருந்தது. சியாட்டிலிலிருந்து நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரப் பயணம். கையில் சரக்கு வைத்துக்கொள்ளாமல், ஆர்டர் வந்த பிறகு மொத்த வியாபாரியிடம் வாங்கி அனுப்புவதுதான் பெசோஸின் திட்டம் என்பதால் இந்த அருகாமை முக்கியம்.

மூன்றாவது காரணம் ஆட்கள். மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் ரெட்மண்டில் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை ஊருக்குள்ளேயே இருந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களும் அந்த ஊரா என்று தயங்க மாட்டார்கள்.

மூன்று காரணங்களையும் சம எடையாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ரோஸ்பர்க் கிடங்குக்கு சியாட்டிலைவிட போர்ட்லாண்ட் வெகு அருகில். தூரம் ஏறக்குறைய பாதிதான். போர்ட்லாண்ட் இருப்பது ஒரிகானில், அங்கே விற்பனை வரியே கிடையாது. மக்கள்தொகையும் வாஷிங்டனைவிடக் குறைவு. ஆக முதல் இரண்டு காரணங்களுக்கும் போர்ட்லாண்ட்தான் பொருத்தமான ஊர். அவர் யோசித்த ஊர்களில் அதுவும் இருந்தது. 1994 செப்டம்பரில் அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்திய அறிமுக வகுப்புக்கு அவர் போனதும் போர்ட்லாண்டுக்குத்தான். அப்படியிருந்தும் குடியேறியது சியாட்டிலில். ஒரிகானில் தனிநபர் வருமான வரி உண்டு, வாஷிங்டனில் இல்லை என்பது தராசை ஓரளவு சாய்த்திருக்கலாம். ஆனாலும் மூன்றாவது காரணமே மற்ற இரண்டையும் வென்றது என்பதுதான் என் கணிப்பு.

இதற்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. சியாட்டிலில் அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? மைக்ரோசாஃப்ட் 1975-இல் தொடங்கியது ஆல்புகெர்க்கியில், ஏனென்றால் அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் அங்கே இருந்தது. 1979 தொடக்கத்தில் பில் கேட்ஸும் பால் ஆலனும் நிறுவனத்தை சியாட்டிலை ஒட்டிய பெல்வ்யூவுக்கு மாற்றினார்கள். அது அவர்கள் இருவரும் வளர்ந்த பகுதி. சொந்த ஊருக்குத் திரும்பிய அந்த இரண்டு பேர் பதினைந்து வருடத்தில் அங்கே உருவாக்கி வைத்த கூட்டத்தை நம்பித்தான் ஆல்புகெர்க்கியில் பிறந்த பெசோஸ் அங்கே போனார். ஆகவே சொந்த ஊர் என்ற பதிலை நான் மட்டமாக நினைக்கவில்லை. கேட்ஸும் ஆலனும் போனபோது வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கையில் இருந்தார்கள், தொழில் ஓடிக்கொண்டிருந்தது. பெசோஸிடம் யோசனை மட்டும்தான் இருந்தது. கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஊரும் மாறுகிறது.

ஷெல் கஃபான்

நிரல் எழுதிப் பிழைக்கும் நம்மில் பலருக்கு பெசோஸைவிட நெருக்கமானவர் ஷெல் கஃபான். அமேசானின் முதல் ஊழியர். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் இருந்த அனுபவமுள்ள நிரலாளர், அப்போதே 40 வயதைத் தாண்டியவர். 1994 வசந்தத்தில் அங்கே பெசோஸைச் சந்தித்தார். நிறுவனம் சாண்டா குரூஸிலேயே அமைந்தால் நன்றாக இருக்கும் என்பது அவர் விருப்பம். மேலே சொன்ன கலிபோர்னியா வரிக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. அதே வருடம் அவர் சியாட்டிலுக்கு மாறினார்.

பெசோஸுக்கு அது தன் நிறுவனம், தான் வரைந்த திட்டம். கஃபானுக்கோ வேறொருவருடைய கணக்கின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர். ஸ்டார்ட்அப்பில் முதல் ஆளாகச் சேர்கிறவர்களுடைய நிலைமை எப்போதும் இதுதான். அடுத்ததாக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையிலிருந்து பால் டேவிஸ் வந்தார். மூன்றாவது காரணம் உடனே பலன் கொடுத்தது. தளத்தின் முதல் வடிவத்தை எழுதியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

நிறுவனம் வளர்ந்தபோது கஃபானின் கையிலிருந்த பொறுப்புகள் ஒவ்வொன்றாகப் புதிதாக வந்தவர்களிடம் போயின. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்ற பட்டம் இருந்தது, கீழே வேலை செய்ய ஆட்கள் இல்லை. 1999-இல் விலகினார். பங்குகள் அவரைச் செல்வந்தராக்கியிருந்தன, அதனால் அவருக்கு என்ன குறை என்று கேட்கலாம். தான் ஊர் மாறி வந்து கட்டிய ஒன்றிலிருந்து மெல்ல மெல்ல ஒதுக்கப்படுவது பணத்தால் ஈடாகிற விஷயமில்லை என்றே எனக்குப் படுகிறது. ஒருவர் ஸ்டார்ட்அப்புக்காக ஊர் மாறுகிறார் என்றால் சம்பளம், பங்கு இரண்டோடு சேர்த்து, மூன்று வருடம் கழித்து என் வேலை என்னவாக இருக்கும் என்பதையும் கேட்டுவிட வேண்டும். கஃபானின் கதையைப் படித்த பிறகு, இதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்.

போன வழி

பயணம் பலமுறை சொல்லப்பட்டது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1994 ஜூலை முதல் வாரத்தில் இருவரும் விமானத்தில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்துக்குப் போனார்கள். அங்கே பெசோஸின் அப்பா கொடுத்த பழைய செவர்லே பிளேசரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். மெக்கன்ஸி ஓட்ட, பெசோஸ் லேப்டாப்பில் வரவு செலவுக் கணிப்புகளைத் தட்டிக்கொண்டு வந்தார். பெல்வ்யூவில் கராஜ் உள்ள ஒரு வாடகை வீடு. கதவுப் பலகைகளுக்குக் கால் வைத்து மேசை. கணினிகள் இழுத்த மின்சாரம் வீட்டு ஒயரிங் தாங்கும் அளவைத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஹேர் டிரையரைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும் நிலைமை. மொத்த வியாபாரிகள் குறைந்தது பத்துப் புத்தகம் வாங்கினால்தான் தருவார்கள் என்பதால், வேண்டிய ஒன்றோடு சரக்கில் இல்லாத கற்பாசி (லைக்கன்) பற்றிய புத்தகம் ஒன்பது பிரதிகளை ஆர்டர் செய்து அந்த ஒன்றை மட்டும் வாங்கிய கதையும் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1995 ஜூலை 16 அன்று தளம் திறந்தது. முதல் மாதத்திலேயே அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் 45 நாடுகளுக்கும் புத்தகம் போனது.

மூன்று காரணங்களும் பின்னர்

ஊர் மாறியவரின் கணக்கைச் சரிபார்க்க முதல் வருடம் போதாது. இங்கே நமக்கு முப்பது வருடத் தடம் இருக்கிறது.

கிடங்குக் காரணம்தான் முதலில் காலாவதியானது. மற்றவர்களுடைய கிடங்கை நம்பி வேகமாக அனுப்ப முடியவில்லை. 1997-இல் டெலாவேரில் சொந்தக் கிடங்கு வந்தது. 1999-இல் நெவாடா, கேன்சஸ் என்று விரிந்தது. அதன்பின் ரோஸ்பர்க் அருகில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பதற்கு அர்த்தமே இல்லை.

வரிக் காரணம் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. ஆனால் கிடங்குகள் பெருகப் பெருக எல்லா மாநிலத்திலும் கால் ஊன்றியதாகிவிட்டது. 2012 செப்டம்பரில் கலிபோர்னியாவில் வரி வசூலிக்கத் தொடங்கினார்கள். 2017 ஏப்ரல் முதல் மாநில விற்பனை வரி உள்ள 45 மாநிலங்களிலும். 2018 ஜூனில் வேஃபேர் என்ற இணையக் கடை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் குவில் தீர்ப்பையே மாற்றிவிட்டது. 2023 நவம்பரில் பெசோஸும் சியாட்டிலை விட்டு மயாமிக்குப் போவதாக அறிவித்தார். பெற்றோர் அங்கே திரும்பியிருந்ததையும், தன் ராக்கெட் நிறுவனத்தின் வேலைகள் ஃபுளோரிடாவுக்கு நகர்ந்து வந்ததையும் காரணமாகச் சொன்னார். வாஷிங்டன் மாநிலம் 2022 முதல் விதித்த 7 சதவீத மூலதன ஆதாய வரியைச் சுட்டிக்காட்டியவர்களும் உண்டு.

ஆட்கள் என்ற மூன்றாவது காரணம் மட்டும் வருடாவருடம் வலுத்துக்கொண்டே போனது. நிறுவனம் புறநகருக்குப் போகாமல் சியாட்டிலின் நடுவில் சவுத் லேக் யூனியன் பகுதியில் 2010 முதல் வேரூன்றியது. 2017-இல் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 ஊர்கள் மனுப் போட்டன. மறுபடியும் அதே கேள்வி: எந்த ஊர்? நியூஜெர்சியின் நியூஆர்க் 700 கோடி டாலர் வரை சலுகை தருவதாகச் சொல்லியும் அதற்குக் கிடைக்கவில்லை. நியூயார்க்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் தேர்வாயின. எதிர்ப்பு கிளம்பியதால் 2019 பிப்ரவரியில் நியூயார்க் திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சிய ஆர்லிங்டனுக்காக வர்ஜீனியா நேரடியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது 57 கோடி டாலர் அளவுதான். கூடவே, கணினிப் பொறியாளர்களை உருவாக்க வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் பக்கத்து ஊரான அலெக்சாண்ட்ரியாவில் 100 கோடி டாலர் செலவில் ஒரு புதிய வளாகம் கட்டுவதாக அறிவித்தது.